திங்கட்கிழமைக் கசிவு

பயோடெக் டீச்சர் அந்தக் கண்ணாடிக் குழாயை முதன்முதலில் எனக்குக் காட்டிய நேரத்தில் பசி என் காதை அடைத்துக்கொண்டிருந்தது. மதிய இடைவேளை. சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கப் போன என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் ஆய்வகத்தின் மூலையில் நிறுத்தினாள். ஜன்னலில் பழைய குடைகளின் கறுப்புத் துணியைச் சேர்த்துத் தைத்துத் தொங்கவிட்டிருந்தாள். புற ஊதா விளக்கைப் போட்டதும் அவள் விரல்களுக்கு நடுவே அந்தக் குழாய் பச்சையாக ஒளிர்ந்தது. "எப்படி இருக்கு?" என்றாள். "இதைக் காட்டவா என்னைச் சோத்துல இருந்து எழுப்பிக் கொண்டு வந்தே?" என்றேன். அவள் கோபப்படவில்லை. நான் சொன்னதைக் கேட்டாளா என்பதே சந்தேகம். குழாயையே பார்த்துக்கொண்டு, "இனி எனக்க அம்மைக்க மீனைப் பற்றி எவளாவது வாயைத் திறக்கட்டு, பாக்கேன்" என்றாள்.

இரண்டாயிரத்துப் பத்துக்குப் பிந்திய ஆண்டுகள் அவை. புதுக்கடைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் இருவரும் வேலை பார்த்தோம். நான் கணக்கு. எங்கள் வீடு வயல் பக்கம். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும். அவள் இனயத்துக்காரி, கடற்கரையிலேயே பிறந்தவள். அவளுடைய அம்மை புதுக்கடைச் சந்தையில் மீன் விற்றவர். கணவர் கடலோடு போன பிறகு, அலுமினியச் சருவத்தைத் தலையில் வைத்துச் சுமந்து விற்று மகளை எம்.எஸ்ஸி. வரை படிக்க வைத்தவர். மாணவர்களுக்கு முன்னால் நாங்கள் 'டீச்சர், டீச்சர்' என்று மரியாதையாகப் பேசிக்கொள்வோம். ஆள் நகர்ந்ததும் அவள் என்னை ஏட்டி என்பாள். நானும் விட மாட்டேன்.

அவளுடைய அம்மையை நான் சந்தையில் பார்த்திருக்கிறேன். சருவத்துக்குப் பின்னால் முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவர் எல்லோரையும் உரிமையோடு அதட்டுவார். விலை கேட்டுவிட்டு நகர்ந்தால் போச்சு. "எம்மா, கேட்டுட்டு போறதுக்கு இது என்ன பள்ளிக்கூடமா?" என்பார். அயிலையின் செவுளைப் பெருவிரலால் விரித்துக் காட்டி, "பாரு, செவப்பைப் பாரு. நேத்து செத்ததுக்கு இந்த நிறம் வருமா?" என்று கேட்பார். மீன் நன்றாக இல்லாத நாளில், "இன்னைக்கு நீ முட்டை வாங்கிட்டுப் போ" என்று தனக்கு வேண்டியவர்களைத் திருப்பி அனுப்பியதை நானே பார்த்தேன். என்னையும் ஒருமுறை அப்படி விரட்டியிருக்கிறார். அதில் எனக்குப் பெருமை.

அந்தச் சமயத்தில்தான் மீனில் ஃபார்மலின் போடுகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. பிணத்தைக் கெடாமல் வைக்கும் மருந்து. தொலைக்காட்சியில் சொன்னார்கள், பஸ்ஸில் சொன்னார்கள், ஆளாளுக்கு ஒரு கதை. ஈ மொய்க்கவில்லை என்றால் மருந்து, கண் பளபளத்தால் மருந்து. நல்ல மீனுக்கு எவையெல்லாம் அடையாளமோ அவையே குற்றத்துக்கும் சாட்சியாகிவிட்டன. டீச்சரின் அம்மையிடம் பலகாலம் வாங்கியவர்களே மீனை எடுத்து மோந்து பார்க்கத் தொடங்கினார்கள். அது அவருக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து அழுதார் என்று டீச்சர் சொன்னாள். அழுகிற ஆள் இல்லை அவர். அதனால்தான் டீச்சர் தன் பகுதிநேர முனைவர் பட்டத்துக்கு இருந்த தலைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஃபார்மலினைக் கண்டால் பச்சையாக ஒளிரும் பாக்டீரியாவை உண்டாக்கக் கிளம்பினாள். இந்தக் கரையின் மீன் சுத்தம் என்று ஊரறியக் காட்ட வேண்டும், அம்மை மறுபடியும் தலை நிமிர்ந்து சந்தையில் உட்கார வேண்டும். அவள் ஆராய்ச்சியின் நோக்கம் முழுக்க அவ்வளவுதான். ஆய்வுச் சுருக்கத்தில் அதை வேறு மாதிரி எழுதியிருந்தாள்.

அவள் செய்ததை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட் என்று வட்டமான ஒரு டி.என்.ஏ. துண்டு இருக்கும். அதில் நமக்கு வேண்டிய மரபணுவை ஒட்டிச் சேர்க்கலாம். இவள் பச்சையாக ஒளிரும் புரதத்துக்கான மரபணுவைச் சேர்த்தாள். அதன் வாசலில் ஒரு காவல் புரதம் உட்கார்ந்து, வேலை நடக்காமல் தடுத்துக்கொண்டிருக்கும். ஃபார்மலின் வந்தால் காவல் எழுந்து போகும், பச்சைப் புரதம் உண்டாகும். பாக்டீரியாவை உணவுக் கரைசலில் முன்கூட்டியே போட்டு வளர்ப்பாள், அதைக் கல்ச்சர் என்பாள். அது இருக்கும் குழாயில் மீன் கழுவிய தண்ணீரை விட்டு, பச்சை வருகிறதா என்று பார்த்தால் போதும். முதலில் எனக்குக் காட்டியது அவளே ஃபார்மலின் சொட்டு விட்டுப் பார்த்த குழாய். சிக்கல் என்னவென்றால், எந்தக் காவலும் முழுக்காவல் இல்லை. ஒரு செல்லுக்குள் பிளாஸ்மிட் பல பிரதிகளாக இருக்கும், காவலுக்கு ஆள் குறைவு. ஃபார்மலினே இல்லாவிட்டாலும் இடையிடையே கொஞ்சம் பச்சை உண்டாகிவிடும். அதற்குக் கசிவு என்று பெயர். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் வெளியூரில் இருந்தார். கசிவில்லாத பிளாஸ்மிட் உலகத்தில் கிடையாது, ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டு எல்லா அளவுகளிலிருந்தும் அதைக் கழித்துவிடு என்று அவர் தொலைபேசியில் சொன்னார். அப்படித்தான் பலரும் செய்கிறார்கள். இவளும் ஒரு புதன்கிழமை அளந்தாள், கழித்தாள்.

பிறகு மீன் வரத் தொடங்கியது. அம்மையின் மீன், அம்மைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விற்பவர்களின் மீன், கடியப்பட்டணத்திலிருந்து வந்த மீன் எல்லாம் சேகரித்தாள். செவ்வாய் சுத்தம், புதன் சுத்தம், சனி வரைக்கும் ஒரு குழாயும் ஒளிரவில்லை. அவள் நடையே மாறிப்போயிருந்தது. வராந்தாவில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போவாள். ஆனால் திங்கட்கிழமைகளில் எல்லாக் குழாய்களும் பச்சையாக ஒளிர்ந்தன. அவள் மறுபடி மறுபடி பார்த்தாள். வாரம் மாறினாலும் திங்கள் மாறவில்லை. கடைசியில் அம்மையின் மீனைத் தனியாக வைத்துப் பார்த்தாள். அதுவும் பச்சை.

இதில் எங்கள் ஊர்க்காரர்கள் யாருமே ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அதுதான் வினை. கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. அன்று தேவாலயத்தில் பூசை, ஓய்வு, வலை பின்னல். அன்று நள்ளிரவுக்குப் பிறகுதான் மறுபடி வள்ளம் இறங்கும். அதனால் திங்கட்கிழமை காலையில் சந்தைக்கு வருவது சனிக்கிழமைச் சரக்கு என்று எங்கள் பக்கத்துச் சமையலறைகளில் ஒரு தீர்மானம் உண்டு. என் அம்மா திங்களன்று மீன் வாங்கவே மாட்டாள். ஆகவே குழாய் என்ன சொன்னதோ அது ஊருக்கு முன்பே தெரிந்திருந்தது. கணக்கில் விடை நாம் எதிர்பார்த்தபடி வந்துவிட்டால் வழியை யாரும் சரிபார்ப்பதில்லை. மாணவர்களிடம் நான் இதைக் கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறேன். டீச்சர் என் வகுப்பில் படித்தவள் இல்லை.

அவள் அம்மையிடம் கேட்டாள். நடந்ததை மறுநாள் என்னிடம் சொன்னாள். ஐஸ் தருகிறவன் ஏதாவது கலந்து தந்தானா என்று முதலில் பதமாகக் கேட்டிருக்கிறாள். இல்லை என்றார். "சொல்லிடு அம்மை, நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன்" என்றிருக்கிறாள். "விடியக்காலம் கரைக்கு வந்த மீனாக்கும். நான் தான் ஏலத்துல எடுத்தேன்" என்றார் அம்மை. மூன்றாவது முறையும் கேட்டபோது அவர் பதிலே சொல்லாமல் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாராம். "குத்தம் இல்லாதவ ஏன் எழும்பிப் போவா, சொல்லு?" என்று என்னிடம் கேட்டாள். "ஏட்டி, அது உனக்க அம்மை" என்றேன். "அதுனால தான் எனக்கு வலிக்குது" என்றாள்.

இதோடு முடிந்திருந்தால்கூட வீட்டுக்குள் இருந்திருக்கும். அந்தப் பருவத்தில் கல்லூரியில் உணவுப் பாதுகாப்பு பற்றி ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். டீச்சரைப் பேசச் சொன்னார்கள். அவள் கிழமை வாரியாக ஒரு பட்டை வரைபடம் காட்டினாள். ஆறு நாளில் ஐந்து நாள் பட்டை தரையோடு கிடந்தது, திங்கள் மட்டும் தென்னை உயரத்துக்கு நின்றது. யார் மீன் என்று அவள் சொல்லவில்லை. பின் வரிசையிலிருந்து புதுக்கடைக்காரப் பெண்ணொருத்தி எழுந்து, "டீச்சர், உங்க அம்மைக்க மீனும் இதுல உண்டா?" என்று கேட்டாள். குறும்பாகக் கேட்டாளா, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாளா, தெரியாது. நான் முன் வரிசையில் இருந்தேன். 'அதெல்லாம் சொல்லக் கூடாது' என்று டீச்சர் ஒரு வார்த்தையில் கடந்துபோயிருக்கலாம். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். ஒலிபெருக்கியில், "உண்டு" என்றாள்.

சாயங்காலத்துக்குள் செய்தி சந்தைக்கு வந்துவிட்டது. தொலைக்காட்சி சொன்னதை நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். "சொந்த மகளே சொல்லியாச்சு, பின்ன என்ன?" என்றார்கள். அந்த வாரத்தில் அம்மையின் சருவத்தைச் சுற்றி ஈதான் நின்றது என்று எங்கள் அலுவலக உதவியாளர் சொன்னார். பக்கத்தில் இருந்த பெண்கள்கூடக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்களாம். அவர்கள் மீனும் அதே வரைபடத்தில் இருந்தது, ஆனால் பெயர் அடிபட்டது இவருடையதுதான். அம்மை சண்டை போடவில்லை. ஊரையே அதட்டி விற்ற அந்தத் தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கொஞ்ச நாள் வந்து உட்கார்ந்து பார்த்தார், பிறகு வருவதை நிறுத்திவிட்டார். இறால் உரிக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போனார். வீட்டில் மகளுக்குச் சோறு வைப்பார், துணி மடித்து வைப்பார், பேச மாட்டார்.

எனக்கு அந்த எண்கள் வந்து சேர்ந்தது இதற்கெல்லாம் பிறகுதான். ஆய்வேட்டில் கணித மாதிரி பற்றி ஓர் அத்தியாயம் வேண்டும் என்று வழிகாட்டி கேட்டிருந்தார். டீச்சர் அதுவரை எடுத்த அளவுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து என் மேசையில் போட்டாள். "ஏதாவது சமன்பாடு எழுதித் தா. எனக்கு இதுல இனி மனசு இல்ல" என்றாள். எழுதக் கடினமான சமன்பாடு இல்லை. ஒரு செல்லுக்குள் பச்சைப் புரதம் கூடுவது கசிவால். குறைவது இரண்டு வழியில்: புரதம் சிதைவது ஒன்று, செல் இரண்டாகப் பிரியும்போது பாதிப் பாதியாகப் பங்கு போவது இன்னொன்று. இவளுடைய பச்சைப் புரதம் எளிதில் சிதையாத கெட்டி வகை. ஆகவே பாகப்பிரிவினை ஒன்றுதான் அதைக் குறைத்துக்கொண்டிருந்தது. பாக்டீரியா வளர்ந்து பிரிந்துகொண்டே இருக்கிறவரை கசிந்தது கண்ணுக்குத் தெரியாது. வளர்ச்சி நின்றுவிட்டால்? எழுதிக்கொண்டிருந்த பென்சில் அங்கே நின்றது. வளர்ச்சி வேகத்துக்குச் சுழியம் போட்டுப் பார்த்தேன். பச்சை ஏறிக்கொண்டே போனது.

மறுநாள் பஸ்ஸில் அவளருகே இடம்பிடித்து உட்கார்ந்து கேட்டேன்: "திங்கட்கிழமைக்கு வேண்டிய கல்ச்சரை எப்பம் போடுவே?"

"சனிக்கிழமை மத்தியானம்."

"மத்த நாளைக்கு?"

"முந்தின நாள் சாயங்காலம். ஞாயித்துக்கிழமை காலேஜ் பூட்டில்லியா கிடக்கும்? யாரு வந்து போடுவா? எனக்கும் பூசைக்குப் போவாண்டாமா?"

அவள் சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. சனிக்கிழமை போட்ட பாக்டீரியா அன்றிரவே தின்ன வேண்டியதைத் தின்று முடித்துவிடும். ஞாயிறு முழுக்க உணவில்லாமல், பிரியாமல், சும்மா கிடக்கும். ஆனால் கசியும். கசிந்ததைப் பங்கு வாங்கிக்கொண்டு போக ஆளில்லாமல் செல்லுக்குள்ளேயே சேரும். திங்கள் காலையில் மீன் வருகிற முன்பே குழாய் பச்சையாகத்தான் இருந்திருக்கும். அவள் கழித்ததோ புதன்கிழமைக் கசிவை. பஸ் குலுங்கிக்கொண்டு போனது. அவள் முன்னிருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். கல்லூரி நிறுத்தத்தில் நான்தான் கையைப் பிடித்து இறக்கினேன்.

அந்தச் சனிக்கிழமை எப்போதும்போலக் கல்ச்சர் போட்டாள். திங்கள் காலை இருவரும் மணியடிக்கும் முன்பே போனோம். மீன் வாங்கவில்லை. காய்ச்சி வடித்த தண்ணீரை மட்டும் குழாய்களில் விட்டாள். காத்திருக்க வேண்டிய நேரமெல்லாம் காத்திருந்து, குடைத்துணியை இழுத்து மூடி விளக்கைப் போட்டாள். எல்லாக் குழாயும் பச்சை. கணக்குச் சரியாக வரும்போது எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம் உண்டு. வெட்கத்தோடு சொல்கிறேன், அந்த ஒரு நொடி அதுவும் எட்டிப் பார்த்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். "எனக்க அம்மை" என்றாள். குழாயைத் தாங்கியில் வைக்கக்கூடத் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று மதியம் விடுப்பு சொல்லிவிட்டு இனயம் போனோம். அவள் தனியாகப் போகப் பயந்தாள், அதனால் நானும். அம்மை கொட்டகையிலிருந்து வந்து கைகழுவிக்கொண்டிருந்தார். இறால் முள் குத்தி விரல்கள் வெளுத்து ஊறிப்போயிருந்தன. டீச்சர் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சனிக்கிழமை, பாக்டீரியா, கசிவு, தண்ணீர்க் குழாய் என்று தாறுமாறாகச் சொன்னாள். நான் நடுவில் புகுந்து ஒழுங்காக விளக்கப் பார்த்தேன்; நிறுத்திக்கொண்டேன். அம்மை முந்தானையில் கையைத் துடைத்தார்.

"அப்பம் மீனே போடாத குழாயிலயும் அந்தப் பச்சை வருது. அப்படித்தானே?"

"ஆமா அம்மை."

"நான் அன்னைக்கு இல்லன்னு சொன்னேன். மூணு தடவை கேட்ட, நான் சொன்னது உனக்குக் கேக்கல்ல. இன்னைக்குக் குழாய் இல்லன்னு சொல்லுது, அது கேக்குது."

கோபமே இல்லாமல் சொன்னார். கோபத்தோடு சொல்லியிருந்தால் அவள் காலில் விழுந்திருப்பாள், இரண்டு பேரும் அழுது தீர்த்திருப்பார்கள். அவர் என்னைப் பார்த்து, "டீச்சர் காப்பி குடிக்குமா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனார்.

திருத்த வேண்டியதையெல்லாம் டீச்சர் திருத்தினாள். கல்லூரியில் மறுபடி ஒரு கூட்டம் கேட்டு வாங்கினாள். கருத்தரங்குக்கு வந்தவர்களில் கால்வாசிப் பேர்கூட வரவில்லை. தவறு நடந்துவிட்டது என்று வரைபடம் போட்டாள். மருந்து போட்டார்கள் என்ற செய்திக்குக் கால் இருந்தது, இதற்கு இல்லை. அம்மையைக் கெஞ்சி ஒருநாள் சந்தைக்கு அழைத்துப் போய், சருவத்துக்குப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். கைத்தறிச் சேலையும் கைக்கடிகாரமுமாக நெத்தோலி விற்ற முனைவர் பட்ட மாணவியைப் பார்க்கக் கூட்டம் வந்தது. "டீச்சரே, இதை டெஸ்ட் பண்ணியாச்சா?" என்று ஒருவன் கேட்டான், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மை சருவத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "போரும் மக்கா, வா" என்றார். அதற்குப் பிறகு அவர் சந்தைக்கு வரவே இல்லை.

கசிவு நிலையான எண் அல்ல, வளர்ச்சி நின்ற பிறகு அது சேர்ந்துகொண்டே போகும் என்ற எங்கள் மாதிரி ஒரு கட்டுரையாக வந்தது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் எழுதிக் கேட்டார்கள். அதை வைத்தே டீச்சருக்கு அயல்நாட்டில் ஓர் ஆய்வகத்தில் இடமும் கிடைத்தது. போகிறபோது அம்மையை அழைத்தாள், அவர் வர மறுத்துவிட்டார். நன்றாகத்தான் பேசிக்கொண்டார்கள், தொலைபேசியில் தினமும். சாப்பிட்டியா, குளிரா, கம்பளி போட்டியா. மீனைப் பற்றி மட்டும் இருவரும் பேசவில்லை என்று அவள் சொல்லியிருக்கிறாள். அங்கே சமன்பாட்டை இன்னும் விரிவாக்கினாள். பிளாஸ்மிட்டின் பிரதிகள் கூடினால் என்ன, காவல் புரதம் குறைந்தால் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் உறுப்பைச் சேர்த்து எனக்கு அனுப்புவாள். நான் இங்கே சரிபார்த்துத் திருப்பி அனுப்புவேன். அந்த எண்கள் ஒரு பருவம் முன்பு என் மேசைக்கு வந்திருந்தால் என்று நான் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். அவளும் நினைத்திருப்பாள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை.

சில ஆண்டுகளுக்குப் பிறகு அம்மை இறந்தார். அடக்கத்துக்கு டீச்சர் வந்து சேர்ந்தாள். விமான நிலையத்திலிருந்து நேராகக் கோயிலுக்கு. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து முற்றத்தில் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். யாரோ கட்டன் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். புதுக்கடைச் சந்தைக்குப் பின்னால் குடியிருக்கிற ஒரு பெண்மணி, அம்மையிடம் வருஷக்கணக்கில் மீன் வாங்கியவர், அவ்வளவு தூரம் பஸ் பிடித்து வந்திருந்தார். டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினார்.

"நல்ல மனுஷியாக்கும் உங்க அம்மை. எனக்க பிள்ளையளு அவளுக்க மீனைத் தின்னு வளந்ததுவளாக்கும். அந்த மருந்து காரியம் ஒண்ணு... அது போட்டும். வயித்துப் பாட்டுக்கு எல்லாரும் செய்யது தான். நான் அதை மனசுல வைக்கல்ல, கேட்டியா?"

டீச்சர் நிமிர்ந்தாள். சமன்பாடு, கசிவு, ஞாயிற்றுக்கிழமை என்று அவள் தொடங்கிவிடுவாளோ என்று நான் பயந்தேன். அவள் அதொன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்மணியின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்க அம்மை மருந்து போடல்ல, மாமி. ஒரு நாளும் போடல்ல. நான் தான் தப்பா சொன்னேன்."

அந்தப் பெண்மணிக்குக் கண் கலங்கிவிட்டது. சேலைத் தலைப்பால் டீச்சரின் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

"சரி மக்கா, சரி. பெத்த மகளல்லியா. நீ பின்ன வேற என்ன சொல்லுவே?"